ஆக்ஸ்ஃபோர்டு திருமங்கை ஆழ்வார் திரும்பி வரும் செய்தி: எனக்கு வந்த முதல் எண்ணத்தை எழுதலாமா?

காவேரி03 (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கம் ஒரு நுண்கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வாரமும் ஒரு கலைச் செய்தியை எடுத்து அதைப் பற்றி நமக்கு என்ன தோன்றுகிறதோ அதை இரண்டு பக்கம் எழுத வேண்டும். செய்தியைச் சுருக்கி எழுதினால் மதிப்பெண் கிடையாது, சொந்தமாக என்ன நினைத்தோம் என்பதுதான் வேண்டும்.

இந்த வாரம் எல்லாருக்கும் ஒரே செய்தி. ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருமங்கை ஆழ்வார் வெண்கலச் சிலையை இந்தியாவுக்குத் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டுச் சிலை, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், கையில் வாளும் கேடயமும். 1967இல் சோத்பி ஏலத்தில் வாங்கியிருக்கிறார்கள். சொந்த ஊர் நம்ம சுந்தரப்பெருமாள்கோவில், சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தஞ்சாவூர் ரயிலில் போனால் சுவாமிமலைக்கு அடுத்த ஸ்டேஷன். வாராவாரம் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன்.

வகுப்பில் அநேகமாக எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். பெருமை, மகிழ்ச்சி, நம் சொத்து நமக்கே. அது சரிதான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் கிடையாது, ஒரு பயம். அருங்காட்சியகப் படத்தில் சிலை முழுசாகத் தெரிகிறது. தோள் எப்படி இறங்குகிறது, இடுப்பில் உடை மடிப்பை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள், எடை எந்தக் காலில் நிற்கிறது எல்லாம் பார்க்கலாம். களிமண்ணில் உருவம் பழகுகிற எனக்கு அதுதான் பாடம். இங்கே வந்தால் கோயில் சிலைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பாதுகாப்பு மையத்தில் பூட்டு போட்ட கம்பிக் கதவுக்குப் பின்னால் வைப்பார்கள், இல்லாவிட்டால் கோயிலில் பட்டும் மாலையுமாக முகம் மட்டும் தெரியும். இரண்டிலும் நான் அந்தச் சிற்பத்தைப் பார்க்கவே முடியாது.

இதைச் சொன்னதும் கூடப் படிக்கிறவர்கள் கோபப்பட்டார்கள். "அப்போ திருடினவனே வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. திரும்பி வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வந்த முதல் எண்ணத்தை மறைத்துவிட்டு பெருமை, மகிழ்ச்சி என்று எழுதினால் அது எப்படி என் கருத்தாகும்? எழுதலாமா, எழுதினால் எப்படி எழுதுவது? இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெழுகுவார்ப்பு

எழுதுங்க தங்கச்சி. நான் சுவாமிமலைக்காரன், அப்பா காலத்திலிருந்து வார்ப்புப் பட்டறை. உங்கள் பயத்தில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முழுசாகப் பார்ப்பது அருங்காட்சியகம் கொடுத்த வரம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அது அப்படி இல்லை.

தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சி உருவம் பிடிக்கும்போதே, துணிக்கு அடியில் மறையப்போகிற இடம் என்று எந்த இடத்தையும் விடுவது கிடையாது. தென்னை ஓலையை மடித்துத் தாலக் கணக்கு, அதாவது சிலையின் உறுப்பு அளவுக் கணக்கு, பார்ப்பது உச்சி முதல் பாதம் வரைக்கும்தான். முதுகுப் பக்கம், பின்னல், முடிச்சு, பூணூல் பின்னால் போகிற வளைவு, எல்லாவற்றுக்கும் உளி வேலை உண்டு. கருவறைக்குப் போன பிறகு அர்ச்சகரைத் தவிர யாரும் அந்த முதுகைப் பார்க்கப் போவதில்லை. தெரிந்துதான் செய்கிறோம். யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துச் செய்கிற வேலை இது இல்லை. அதனால் சிலை நிர்வாணமாகக் கண்ணாடிக்குள் நின்றால்தான் அது சிற்பம், பட்டு கட்டினால் அது சிற்பம் இல்லை என்கிற பிரிவினையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு இந்தச் செய்தியில் ரொம்ப வலித்தது, அதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு விசாரித்ததில், அந்தக் கோயிலில் இருந்த ஆழ்வார் சிலை அசல் இல்லை, மாற்றி வைக்கப்பட்ட நகல் என்று சொன்னார்கள். ஆழ்வார் மட்டுமில்லை, காளிங்க நர்த்தன கிருஷ்ணர், விஷ்ணு, ஸ்ரீதேவி என்று இன்னும் மூன்று. நம் முறையில் மெழுகு உருவத்தின் மேல் மண் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகத்தை வார்த்த பிறகு வண்டல் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். ஒரே அச்சில் இரண்டாவது வராது. அப்படியென்றால் யாரோ ஒருத்தர் அசலைப் பக்கத்தில் வைத்தோ, படத்தைப் பார்த்தோ, அளவெடுத்துப் புதிதாக மெழுகு பிடித்திருக்க வேண்டும். என் மாதிரி தொழில் தெரிந்த ஒரு கை. எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா, புதுக் கோயிலுக்கு என்று சொல்லி ஆர்டர் கொடுத்திருப்பார்களா, கூலி என்ன வாங்கியிருப்பார்? நான் மாணவனாக இருந்தால் அந்த ஆளைப் பற்றித்தான் இரண்டு பக்கமும் எழுதுவேன்.

பரோடாவாசி

நான் பரோடாவில் அருங்காட்சியகவியல் படிக்கிறேன், ஊர் அரியலூர். மேலே அண்ணன் சொன்னது மனசைத் தொட்டது. ஆனாலும் காவேரி கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் கேட்பது, திரும்பி வந்த பிறகு யார் பார்க்கலாம் என்பது.

எங்கள் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் பூட்டிக் கிடந்தது, சிலைகள் போனதே 2008இல்தான் தெரிய வந்தது. அதே 2008இல் கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அந்த நடராஜரை வாங்கியிருந்தது. 2014 செப்டம்பரில் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார், விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் கூட வந்தார். டிவியில் எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம்? நடராஜர் கும்பகோணத்தில் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். ஊருக்கு வரவில்லை.

பாதுகாப்பு ஏன் வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. சின்ன ஊர், ஒற்றைப் பூட்டு, ஒரு வேளை பூஜை, இரவுக் காவலுக்கு ஆள் கிடையாது. திரும்ப வைத்தால் திரும்பப் போகும். ஆனால் பாதுகாப்பு மையம் கோயிலும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. தினப்படி பூஜை சொந்தக் கோயிலில் நடக்கிற மாதிரி நடக்காது, மாணவர் போய் நோட்டை விரித்து வரையவும் முடியாது. வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் இடம், அவ்வளவுதான். இதை மாற்றிக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. திருவாரூரிலோ கும்பகோணத்திலோ நல்ல வெளிச்சம், நல்ல காவல், பெயர்ப் பலகை, பூஜைக்கு ஒரு நேரம், பார்வைக்கு ஒரு நேரம், திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வருகிற வசதி என்று ஒரு இடம் கட்டினால் என்ன குறைந்துவிடும்? காவேரி, உங்கள் பயத்தை ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து எழுதினால் வகுப்பில் கோபப்படத்தான் செய்வார்கள். இங்கே இருப்பவர்களைப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை, கேட்க வேண்டிய முகவரி மட்டும் வேறு.

தேம்ஸ்கரை

பரோடாவாசி சொன்ன கடைசி வரியை நான் அப்படியே ஏற்கிறேன். நான் இங்கிலாந்தில் முதுநிலை படிக்கிறேன். ஆஷ்மோலியனுக்கு அனுமதி இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அதையே காரணமாகச் சொல்லி "இங்கே இருந்தால் உலகமே பார்க்குமே" என்று என் வகுப்பில் ஒருவர் வாதாடினார். உலகம் என்றால் யார்? சுந்தரப்பெருமாள்கோவிலில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை விசா எடுத்து வந்து பார்க்குமா? கும்பகோணத்தில் படிக்கிற காவேரிக்குக் கிடைத்தது இணையத்தில் ஒரு படம். அந்தப் படம் சிலை எங்கே இருந்தாலும் இருக்கும்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரத்தில் அருங்காட்சியகம் அடம் பிடிக்கவில்லை. 2019இல் ஒரு ஆய்வாளர், இந்தச் சிலை 1957இல் கோயிலில் இருந்ததைக் காட்டும் புகைப்படத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த டிசம்பரிலேயே ஆஷ்மோலியன் தானாக இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது, பிறகு இந்தியா முறைப்படி கேட்டது. பிரிட்டிஷ் மியூசியம் போல, பொருள்களை வெளியே கொடுக்க விடாமல் 1963ஆம் வருஷத்துச் சட்டம் கையைக் கட்டிப்போடும் நிலைமையும் இவர்களுக்கு இல்லை, பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் என்பதால் அந்த நாட்டு அறக்கட்டளை ஆணையத்தின் சம்மதம் கிடைத்தால் போதும். அதனால் "வெள்ளைக்காரன் திருடினான்" என்று ஒற்றை வரியில் எழுதிவிடாதீர்கள். கோயிலிலிருந்து எடுத்தவர்கள் யார், நகல் வைத்தவர்கள் யார் என்ற கேள்விக்குப் பதில் ஆக்ஸ்ஃபோர்டில் கிடைக்காது.

ஓய்வு_ஓவிய_ஆசிரியை

குழந்தைகளே, முப்பது வருஷத்துக்கு மேல் ஓவியமும் கலை வரலாறும் நடத்தியிருக்கிறேன், இந்த மாதிரி கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். காவேரி, எழுதலாமா என்று கேட்கவே வேண்டாம். எப்படி என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

நீ இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒன்று அருங்காட்சியகத்தின் படம். இன்னொன்று 1957ஆம் வருஷத்துக் கறுப்பு வெள்ளைப் படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 வாக்கில் தொடங்கி ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போய் எடுத்துவைத்த படங்களில் அது ஒன்று. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கிறது அந்தத் தொகுப்பு. எடுத்தவர்கள் சிலைத் திருட்டைப் பிடிக்க எடுக்கவில்லை, படிப்பதற்காக எடுத்தார்கள். அதே படங்கள் இன்றைக்குச் சாட்சி சொல்கின்றன. இந்த இரண்டு படத்தையும் பார்த்து உன் கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரிகிறது என்று முதல் ஒரு பக்கம் எழுது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, பீடம் எப்படி இருக்கிறது, சிலை யாரைப் பார்க்கிற மாதிரி நிற்கிறது. சிற்பம் படிக்கிற பிள்ளைக்கு இது கை வந்த வேலை. உன் வகுப்பில் எழுதிய பெருமை மகிழ்ச்சி எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை, சிலையைப் பார்க்காமலே அதை எழுத முடியும் என்பதுதான் அதில் குறை.

இன்னொன்று. திருமங்கை ஆழ்வார் முதலில் வழிப்பறி செய்தவர், கொள்ளையடித்து அடியார்களுக்குச் சோறு போட்டவர், அவரையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றும். எல்லாருக்கும் தோன்றும். விட்டுவிடு. கேட்க நன்றாக இருக்கும், அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது.

மெழுகுவார்ப்பு தம்பி சொன்ன நகல் விஷயம் மிகப் பெரியது. ஆனால் அது அவருடைய கட்டுரை. நீ உன் பயத்தை விட்டுவிட்டு அதற்குத் தாவ வேண்டாம்.

காவேரி03

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேம்ஸ்கரை அண்ணா, 1957 படத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒருவர்கூட எழுதவில்லை. மேடம், இரண்டு படத்தையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஆனால் பரோடாவாசி சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம். வெளிச்சம், பெயர்ப் பலகை, பார்வை நேரம் என்று கேட்டால் கடைசியில் நம் ஊரிலும் கோயில் சிலையை அருங்காட்சியகப் பொருளாக்கிவிடுவோம் இல்லையா? சாமியாகக் கும்பிடுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கீழவீதி

கும்பிடுகிறவன் நான் சொல்கிறேன். எங்கள் அம்மா வழி சொந்தம் சுந்தரப்பெருமாள்கோவில் பக்கம்தான், சின்ன வயசிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போய் வருகிறேன்.

முதலில் காவேரி சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். கோயிலில் முகம் மட்டும்தான் தெரியும் என்பது அலங்காரம் முடிந்த பிறகு வந்தால். திருமஞ்சனத்துக்கு வந்து பாரும்மா. பட்டும் நகையும் எல்லாம் களைந்து, சின்ன வெள்ளை வஸ்திரத்தோடு உற்சவர் நிற்பார். பால், தயிர், மஞ்சள், சந்தனம் என்று ஊற்ற ஊற்ற, ஒவ்வொன்றும் தோள்மேல் இறங்கிக் கைவழியாக வழிகிறதைப் பார்க்கலாம். நீ சொன்னாயே தோள் எப்படி இறங்குகிறது என்று, அது தண்ணீர் ஓடும்போது தெரிகிற மாதிரி கண்ணாடிக்குள் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் தேய்த்துத் தேய்த்து மூக்கும் கண்ணும் மழுங்கிப்போன திருமேனிகளும் இருக்கின்றன. அந்தத் தேய்மானத்தையும் நீ சிற்பமாகத்தான் பார்க்க வேண்டும். நோட்டை விரிக்க விடமாட்டார்கள், அது உண்மை. அர்ச்சகரிடம் முன்கூட்டியே சொல்லி, ஓரமாக நின்று பார்த்துவிட்டு, வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்து வரைந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது, நகல் என்று தெரிந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த பேச்சு. மாமா ரொம்ப உடைந்துபோனார், இத்தனை வருஷம் ஏமாந்து கும்பிட்டோமா என்று. பாட்டி மட்டும் கலங்கவே இல்லை. யார் வார்த்திருந்தால் என்ன, நாம் விளக்கேற்றிப் பாசுரம் சொல்லி ஆழ்வாரே என்று கூப்பிட்டால் ஆழ்வார்தானே வருவார் என்றார். அப்போ ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பது வர வேண்டாமா என்று மாமா கேட்டதற்கு, ஏன் வேண்டாம், அவரும் பட்டினியாக நிற்கிறாரே என்றார். 1967இலிருந்து ஒரு நாள்கூட நைவேத்தியம் இல்லாமல் நிற்கிறார் என்பதுதான் பாட்டிக்குக் கவலை. அதனால் பரோடாவாசி கேட்கிற வெளிச்சமும் பார்வை நேரமும் எங்களுக்குத் தடையில்லை. பூஜை மட்டும் நிற்கக்கூடாது. அது நடந்தால் மற்ற நேரத்தில் எத்தனை பேர் எப்படி வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

பரோடாவாசி

கீழவீதி அண்ணா, பூஜை நிற்கக்கூடாது என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஊருக்கே திரும்பிய கதையும் உண்டு. கல்லிடைக்குறிச்சி நடராஜர் 1982இல் திருடு போனவர், அடிலெய்டில் இருந்த கலைக்கூடத்திலிருந்து 2019இல் வந்தார், சொந்தக் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தார், ஊரே திரண்டு வரவேற்றது. 1978இல் அனந்தமங்கலத்திலிருந்து போன ராமர், சீதை, லட்சுமணரும் லண்டனிலிருந்து 2020இல் வந்து கோயிலுக்கே போனார்கள். ஆக முடியாத காரியம் இல்லை. எந்த ஊரில் கோயிலைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்களோ, எந்த ஊர் விடாமல் கேட்கிறதோ, அங்கே போகிறது. ஸ்ரீபுரந்தானில் அந்த அளவுக்கு ஆளும் வசதியும் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் நேரில் பார்த்தவன் என்பதால்தான் மையத்தையாவது சரி செய்யுங்கள் என்று சொல்கிறேன்.

காவேரி03

முதல் பத்தி எழுதிவிட்டேன், இங்கே போடுகிறேன், தயங்காமல் திருத்துங்கள்.

"என் சிலையைப் பற்றிய முதல் எண்ணம் சுயநலமானது: அது திரும்பி வந்தால் நான் அதை எங்கே நின்று பார்ப்பேன்? அருங்காட்சியகப் படத்தில் ஆழ்வார் எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தில் நிற்கிறார், அவர் முன்னால் யாரும் இல்லை. 1957 படத்தில் வெளிச்சம் குறைவு, ஆனால் அவர் இருக்கும் இடம் அவருக்காகக் கட்டியது. முதல் படத்திலிருந்து நான் உடலைக் கற்றுக்கொள்கிறேன். இரண்டாவது படத்திலிருந்து அவர் எதற்காக வாளோடு நிற்கிறார் என்று கற்றுக்கொள்கிறேன். எனக்கு இரண்டும் வேண்டும், இரண்டையும் நான் என் ஊரில்தான் கேட்க முடியும்."

ஓய்வு_ஓவிய_ஆசிரியை

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். "என் சிலை" என்று தொடங்காதே, செய்தியை அறியாதவர்கள் நீ செய்த சிலை என்று நினைப்பார்கள். "சுயநலமானது" என்ற சொல்லையும் எடுத்துவிடு. சிற்பம் படிக்கிறவள் சிற்பத்தைப் பார்க்க ஆசைப்படுவது சுயநலம் இல்லை, அதற்கு நீ மன்னிப்புக் கேட்கிற மாதிரி தொடங்க வேண்டாம். அடுத்த பத்தியில் திருமஞ்சனம் வரட்டும், ஆனால் கீழவீதி தம்பி சொன்னதைக் கேட்டு எழுதாதே. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுது.

மெழுகுவார்ப்பு

போகிற வழியில் சுவாமிமலையில் இறங்கிப் பட்டறைக்கும் வாங்க, கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி. இப்போது ஒரு ஆழ்வார் உருவம் மெழுகில் இருக்கிறது, புதுக் கோயிலுக்கு. மண் பூசுவதற்கு முன்னால் வந்தால் நாலு பக்கமும் சுற்றி நின்று வரைந்துகொள்ளலாம், முதுகுப் பக்கத்தையும் சேர்த்து. உலோகம் ஊற்றுகிற அன்றைக்கு மட்டும் வேண்டாம், அன்றைக்கு யாரோடும் பேச நேரம் இருக்காது.